மலை மேல இன்டர்நேஷனல் போர்டிங் ஸ்கூல்ல படிச்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

பெட்டிநம்பர்147

போன வாரம் வெள்ளையடிக்கிறதுக்காகப் பரண்ல கிடந்ததை எல்லாம் இறக்கினோம். அதுல ஒரு தகர டிரங்குப் பெட்டி. பச்சைப் பெயின்ட் பாதி உரிஞ்சுபோச்சு, மூடியில வெள்ளையில எழுதின 147 மட்டும் அப்படியே இருக்கு. என் பையன் "என்னப்பா இது, வண்டி நம்பரா?"ன்னு கேட்டான். இல்லடா, அது நான்தான்னு சொன்னேன்.

1987ல இருந்து 94 வரைக்கும் ஊட்டி பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூல். பேர் வேண்டாம், சண்டை வரும். அப்பா மஸ்கட்ல, அம்மா காரைக்குடியில. சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அம்மா திண்ணையில உக்காந்து சிவப்பு நூல்ல 147 தைச்சாங்க. ஸ்வெட்டர், துண்டு, தலையணை உறை, சாக்ஸ், ஜட்டி வரைக்கும். ஜட்டிக்கு எதுக்குடா நம்பர்னு அப்பத்தாவுக்கு ஒரே சிரிப்பு.

பர்லியாறு வழியா பஸ்ல போனா வாந்தி வரும்னு முதல் தடவை மலை ரயில்ல கூட்டிட்டுப் போனாங்க. மேட்டுப்பாளையத்துல காலையில 7 மணி சொச்சத்துக்கு வண்டி. கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில். அதுக்கப்புறம் நடுவுல இருக்கிற பல்லு வச்ச தண்டவாளத்தைச் சக்கரம் கடிச்சுப் பிடிச்சு ஏறும். அந்தப் பாதையில என்ஜின் பின்னால இருந்துதான் தள்ளும். முன் பெட்டியில எனக்கு ஜன்னல் சீட். முன்னால எட்டிப் பாத்தா என்ஜினே இல்லை, நேரா பள்ளத்தாக்கு. இழுத்துட்டுப் போறவங்க யாரும் இல்லாம நாமளே போறோம்னு நெனச்சு குன்னூர் வரைக்கும் அழுதேன். அப்பா "பின்னால இருக்குடா, பின்னால இருக்குடா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார்.

டார்மிட்டரியில தமிழ் பேசினா 50 பைசா ஃபைன். தாய்லாந்துப் பசங்க அவங்க தாய்மொழியில பேசிக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தமிழ்நாட்டுல எங்களுக்குத்தான் ஃபைன். ஞாயித்துக்கிழமை காலையில கட்டாயம் வீட்டுக்கு லெட்டர் எழுதணும், இங்கிலீஷ்ல. ஒட்டாம கொடுக்கணும், வார்டன் படிச்சிட்டுத்தான் போவும். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு தமிழ்ல தனியா எழுதி மெஸ்ல பரிமாறுற அண்ணன் ஒருத்தர்கிட்ட கொடுத்துடுவேன். டவுனுக்குப் போறப்ப கவர் வாங்கிப் போட்டு அனுப்பிடுவார். ஏழு வருஷம். ஸ்டாம்புக் காசு ஒருநாளும் கேட்டதில்லை.

உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு, எழுதுங்க. சாப்பாட்டைப் பத்தி ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன். அந்த மெஸ் பருப்பு இருக்கே, ஏழு வருஷத்துல ஒருநாள்கூட வெந்ததில்லை. ஸ்பூனால அடிச்சா தெறிக்கும்.

ஸ்வெட்டர்வாசம்

ஈரக் கம்பளியும் நீலகிரித் தைலமும் கலந்த ஒரு வாசம். இன்னைக்கும் அது எங்கயாவது வந்தா எனக்கு வயிறு பிசையும். ஜூலை மழையில துணி காயவே காயாது. வராண்டாவுல கயிறு கட்டி அறுபது ஸ்வெட்டர் தொங்கும், அதுக்கு நடுவுல புகுந்துதான் பாத்ரூமுக்குப் போகணும்.

நான் 1996 முதல் 2003 வரை. அதே மலை, வேற ஸ்கூல். எங்களை வளர்த்தது ஆயாக்கள்தான். காலையில தலை பின்ன லைன்ல நிக்கணும். ஆயாம்மா ரெண்டு முழங்காலுக்கு நடுவுல நம்மளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சீப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ஆளுக்கு ரெண்டு நிமிஷம். கொரியாப் பொண்ணுங்களுக்கு வழுவழுன்னு முடி, பின்னல் நிக்கவே நிக்காது. "இது என்னடி பட்டு நூலா"ன்னு திட்டிக்கிட்டே ரப்பர் பேண்ட் நாலு போடுவாங்க. அந்தப் பொண்ணுங்க கத்துக்கிட்ட முதல் தமிழ் வார்த்தை "வலிக்குது".

ஆறாவது படிக்கிறப்ப பெரிய மனுஷி ஆனேன். மேட்ரன் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாங்க, படம் போட்டது. ரொம்ப நல்ல புத்தகம், குறை சொல்லல. ராத்திரி ஆயாம்மா வந்து போர்வைக்குள்ள ஒரு வெந்நீர் பாட்டிலைத் தள்ளிட்டு, முந்தானை முடிச்சை அவுத்து ஒரு துண்டு கருப்பட்டியை வாயில போட்டாங்க. "வீட்ல இருந்தா புட்டு சுத்தியிருப்பாங்க, உளுந்தங்களி கிண்டியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சது ஞாயித்துக்கிழமை ஃபோன்ல. பின்னால பதினஞ்சு பேர் லைன்ல நிக்கிறாங்க, எப்படிச் சொல்றது? "மா, அது"ன்னேன். அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

சும்மாஒருத்தன்

கோச்சுக்காதீங்க. மலைப்பள்ளி, மலை ரயில், ஆயாம்மா, கருப்பட்டின்னு படிக்க நல்லாத்தான் இருக்கு. நாங்க கவர்மென்ட் ஸ்கூல்ல தரையில உக்காந்து படிச்சோம். உங்க ஒரு வருஷ ஃபீஸ்ல எங்க தெரு மொத்தமும் படிச்சிருக்கலாம். பணக்காரப் பிள்ளைங்களோட சோகத்துக்கு நான் கண்ணீர் விடணுமா?

ஆகஸ்ட்ரெண்டு

@சும்மாஒருத்தன், கண்ணீர் வேண்டாம். ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

எங்கப்பா குவைத்ல கிரேன் ஆபரேட்டர். முதலாளி இல்லை, ஆபரேட்டர். அப்போ குவைத்ல எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு நல்ல ஸ்கூல் கிடைக்கிறது கஷ்டம், ஊர்ல விட்டுவைக்கவும் ஆள் இல்லை. அதனால சம்பளத்துல பாதியை எனக்கும் அண்ணனுக்கும் ஃபீஸா கட்டினார். 1990 ஜூலை கடைசியில அப்பாவும் அம்மாவும் எங்களை ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பிப் போனாங்க. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள்ள வந்திருச்சு.

எங்க ஸ்கூல்ல குவைத் பசங்க பதினோரு பேர். பிரின்சிபல் கூப்பிட்டு உக்கார வச்சு ரேடியோ போட்டார். குவைத்துக்கு ஃபோன் போகலை. ஒரு வாரம், ரெண்டு வாரம். குவைத் தினார் ஒரே நாள்ல வெறும் காகிதம் ஆயிடுச்சுன்னு பெரிய பசங்க பேசிக்கிட்டாங்க. எனக்கு அது புரியலை. அண்ணனுக்குப் புரிஞ்சது. அவன் அன்னைக்கு ராத்திரியில இருந்து ரெண்டு பிரட்டுக்குப் பதிலா ஒண்ணுதான் எடுத்தான். ஏன்டான்னு கேட்டா, "ஃபீஸ் கட்டலைல"ன்னான். அவனுக்கு வயசு பதிமூணு.

அப்பாவும் அம்மாவும் பாக்தாத் வழியா பஸ்ல ஜோர்டான் எல்லைக்கு வந்து, அங்க பாலைவனத்துல கூடாரத்துல ஒன்பது நாள் கிடந்து, அம்மான்ல இருந்து ஏர் இந்தியாவுல பம்பாய் வந்தாங்க. ரெண்டு மாசத்துல 1,70,000 பேருக்கு மேல அப்படிக் கொண்டுவந்தாங்கன்னு பெரியவனான பிறகுதான் படிச்சேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செப்டம்பர்ல ஒருநாள் மத்தியானம் கேட் பக்கம் ஒரு ஆளும் பொம்பளையும் நின்னாங்க, கையில ஒரு பிளாஸ்டிக் பை. அப்பாவை எனக்கு அடையாளம் தெரியலை. தாடி. அம்மா போட்டிருந்த ஸ்வெட்டர் யாரோ கொடுத்தது, ஆம்பளை ஸ்வெட்டர்.

அந்த வருஷ ஃபீஸை ஸ்கூல் கேக்கலை. அடுத்த வருஷம் நாங்க தேனியில கவர்மென்ட் ஸ்கூல்ல தரையிலதான் உக்காந்தோம். உங்க பக்கத்துலகூட உக்காந்திருப்பேன்.

சும்மாஒருத்தன்

சரிங்க. தப்பா எழுதிட்டேன்.

பனைமரக்கிளி

நானும் எழுதலாமோ? நான் யாழ்ப்பாணம். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். மாமா கனடாவில, அவர்தான் காசு கட்டினவர். எனக்கு அப்ப பத்து வயது.

தமிழ்நாடு எண்டதால தமிழ்ப் பிள்ளையளோட கதைக்கலாம் எண்டு சந்தோசமாப் போனன். முதல் நாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையிட்ட "உம்மட பேர் என்ன?" எண்டு கேட்டன். அவள் மற்றவளைப் பார்த்து "மலையாளம்டீ" எண்டாள். பிறகு உண்மையான மலையாளப் பிள்ளை ஒண்டைக் கூட்டிக்கொண்டு வந்து என்னோட கதைக்க விட்டினம். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் அவள்தான் கடைசி மட்டும் என்ர சிநேகிதி. ரெண்டு பேரும் இங்கிலீஷ்தான் கதைச்சம்.

ஒவ்வொரு வருசமும் பொலிஸ் ஒபிசில போய்ப் பதிய வேணும். நான், ரெண்டு மலேசியப் பெடியள், எல்லாரையும் ஸ்கூல் வானில ஏத்திக்கொண்டு போவினம். மற்றவைக்கு அது சுற்றுலா மாதிரி, வரேக்க வர்க்கி வாங்கித் தருவினம். அங்க இருந்த பொலிஸ்காரர் எங்கட ஊர்ப் பேரை ஒவ்வொரு முறையும் பிழையா எழுதுவார். நான் திருத்துவன். கடைசி வருசம் அவர் தானாவே சரியா எழுதினார்.

பழையபதிவேடு

இந்தப் பள்ளிகள் எல்லாம் ஏன் மலை மேலேயே இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? இயற்கை அழகுக்காக யாரும் அங்கே கட்டவில்லை. சமவெளியில் வெயிலும் காலராவும் மலேரியாவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. மிஷனரிகள் பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மலைக்கு அனுப்ப வேண்டும். முசூரியில் உட்ஸ்டாக் 1854, குன்னூரில் ஹெப்ரான் 1899, கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பள்ளி 1901. லவ்டேல் லாரன்ஸ் (1858) வேறு கதை, அது ராணுவத்தார் பிள்ளைகளுக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு மிஷனரிகள் குறையக் குறைய, பள்ளியை மூடுவதா ஆளை மாற்றுவதா என்ற கேள்வி வந்தது. கொடைக்கானல் பள்ளி 1970களில் பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' சேர்த்துக்கொண்டது. 1976இல் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அதே காலத்தில் வளைகுடாவில் எண்ணெய்ப் பணம். மஸ்கட், துபாய், குவைத் சம்பளம் மலையேறியது. 147ஆம் எண்காரர் அந்த அலையில் வந்தவர். மிஷனரி பிள்ளைகளுக்காகப் போட்ட இரும்புக் கட்டிலில்தான் அவர் படுத்திருப்பார். சில இடங்களில் கட்டில்கூட மாறியிருக்காது!

ஞாயிற்றுக்கிழமைக் கடிதமும் அந்தக் காலத்து வழக்கம்தான். அப்போது வீட்டோடு தொடர்பு கடிதம் மட்டும்தான், அதனால் கட்டாயம். காரைக்குடிக்கு மூன்று நாளில் போகும் கடிதத்துக்கும் அதே சட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

மகளுக்காக

வணக்கம். நான் வேற ஒரு காரணத்துக்காக இந்த இழையைப் படிச்சிட்டிருக்கேன். நாங்க துபாய்ல இருக்கோம், மகள் ஏழாவது. எட்டாவதுக்கு ஊட்டி இல்லேன்னா கொடைக்கானல்ல சேர்க்கலாம்னு பேச்சு. ஐபியா ஐஜிசிஎஸ்இயான்னு குழப்பம். பின்னால தமிழ்நாட்டுல காலேஜ் கிடைக்குமா? நீங்க எல்லாம் எழுதுறதைப் பாத்தா பயமாவும் இருக்கு.

பழையபதிவேடு

ஐஜிசிஎஸ்இ என்பது பிரிட்டிஷ் பாடத்திட்டம், பத்தாம் வகுப்புக்குச் சமம், ஐபி டிப்ளமா பன்னிரண்டாம் வகுப்புக்கு. இரண்டில் ஒன்று என்று இல்லை, பல பள்ளிகளில் முதலில் அது, பிறகு இது. டிப்ளமாவில் ஆறு பாடம், மொத்த மதிப்பெண் 45. இங்கே இன்ஜினியரிங் என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் எடுத்தாக வேண்டும். மருத்துவம் என்றால் நீட், உயிரியலும் வேண்டும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்காமல், கடைசியில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்னொரு சிக்கல்: மே தேர்வு முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். நம்ம ஊர் விண்ணப்பத் தேதிகள் அதற்குள் ஓடிவிடும். டிப்ளமா இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று காட்டும் இணைச் சான்றிதழுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது எங்கள் தெருமுனை நர்சரிகூட இன்டர்நேஷனல்தான். எந்த போர்டு என்று கேளுங்கள்.

ஸ்வெட்டர்வாசம்

@மகளுக்காக, சிலபஸ் எல்லாம் அவர் சொல்லிட்டார். நீங்க ஸ்கூலைப் பாக்கப் போறப்ப நீச்சல் குளத்தையும் ஆடிட்டோரியத்தையும் காட்டுவாங்க. அதைப் பாத்துட்டு, ராத்திரி டார்மிட்டரியில யார் படுப்பாங்கன்னு கேளுங்க. அந்த ஆளை நேர்ல பாக்கணும்னு சொல்லுங்க. எத்தனை வருஷமா இருக்காங்கன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒருத்தர் மாறுற இடம்னா யோசிங்க. அப்புறம் உங்க பொண்ணைக் கேளுங்க. என்னை யாரும் கேக்கலை.

மெஸ்காரர்மகன்

நாலு நாளா படிச்சிட்டிருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு. எங்கப்பா உங்கள்ல ஒருத்தர் படிச்ச மாதிரியான ஒரு ஸ்கூல் மெஸ்ல 31 வருஷம் சமைச்சார். நாங்க லைன் வீட்ல இருந்தோம், கிரவுண்டுக்குக் கீழே.

@பெட்டிநம்பர்147, பருப்பு வேகலைன்னு சொன்னீங்களே, அது அப்பாவோட குத்தம் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். நீங்க எவ்வளவு விறகு போட்டாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, ஆவியாத்தான் போவும். வீட்ல குக்கர் இருக்கு. நானூறு பேருக்குப் பருப்பு வேக வைக்கிற அண்டாவுக்கு ஏது குக்கர்? அப்பா முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டு, விடிகாலை மூணரைக்கு எந்திரிச்சு அடுப்பு மூட்டுவார். டிசம்பர்ல புல்லு மேல உறைபனி உப்பு கொட்டின மாதிரி கிடக்கும், அதை மிதிச்சுக்கிட்டுப் போவார். துவரம்பருப்புக்கு மட்டும் நாலு மணி நேரம். அப்பயும் நடுவுல ஒரு பிடி வேகாம நிக்கும். பின்னால ஸ்டீம் பாய்லர் வந்துச்சு. அன்னைக்கு அப்பா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "இன்னைக்குப் பருப்பு மசிஞ்சுதுடி"ன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணு. ஸ்டாஃப் பிள்ளைங்கன்னு எங்களுக்கு அங்க இடம் கிடையாது. நான் டவுன்ல கவர்மென்ட் ஸ்கூல். சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நீங்க ஃபுட்பால் ஆடுறதைப் பாப்போம். பந்து வெளிய வந்தா எடுத்துப் போடுவோம். "தேங்க்யூ அண்ணா"ம்பீங்க. எனக்கு அப்போ எட்டு வயசு, உங்களுக்குப் பன்னெண்டு. எதுக்கு என்னை அண்ணான்னு கூப்பிடுறீங்கன்னு நெனப்பேன். வேலை செய்யறவங்க எல்லாருக்கும் அதுதான் பேருன்னு அப்புறம் புரிஞ்சது. கோபத்துல எழுதலை. எழுதணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

பெட்டிநம்பர்147

ரெண்டு நாளா என்ன எழுதுறதுன்னு தெரியலை.

பருப்பு விஷயத்துல மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு வரைக்கும் தண்ணி கொதிக்கிற கணக்கு எனக்குத் தோணினதே இல்லை. பத்தாவது பிசிக்ஸ்ல அதே பாடத்தைப் படிச்சு 92 மார்க் வேற வாங்கினேன், அந்த மெஸ்லயே சாப்பிட்டுக்கிட்டு.

லெட்டர் போட்ட அண்ணனைப் பத்தி யோசிச்சேன். முகம் ஞாபகம் இருக்கு, இடது கையில தீக்காயத் தழும்பு ஞாபகம் இருக்கு, காக்கி ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கு. பேர் தெரியலை. ஏழு வருஷத்துல ஒருதடவைகூட கேக்கலை. அவருக்கு என் வீட்டு விலாசம் மனப்பாடம்.

உங்கப்பா இருக்காங்களா? முடிஞ்சா கேட்டுப் பாருங்க. 87ல இருந்து 94. ஒல்லியா, கண்ணாடி போட்ட பையன், காரைக்குடி லெட்டர்.

மெஸ்காரர்மகன்

இருக்கார். எழுபத்தெட்டு ஆச்சு, இப்ப மேட்டுப்பாளையத்துல தங்கச்சி வீட்ல. ஊட்டிக் குளிர் ஆகலை.

ஃபோன்ல கேட்டேன். உங்க ஸ்கூலும் அப்பாவோட ஸ்கூலும் ஒண்ணான்னே தெரியலை, அப்பா கையில தழும்பும் இல்லை. "கண்ணாடி போட்ட பையன்னா எத்தனை பேருடா, எல்லாம் ஒரே ஸ்வெட்டர்ல ஒரே மாதிரி நிக்குங்க"ன்னார். ஆனா லெட்டர் போட்டிருக்காராம். ஒருத்தருக்கு இல்லை, பல பேருக்கு. மெஸ்ல இருந்த எல்லாருமே போடுவாங்களாம். மாசக் கடைசியில ஸ்டாம்புக்குக் காசு இல்லேன்னா ரெண்டு மூணு லெட்டரை அரிசி டின்னு மேல வச்சிருந்து சம்பளம் வந்ததும் போடுவாங்களாம்.

அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது ஒரு கொரியாப் பையன். ஊறுகாய் ஜாடியை மடியில வச்சுக்கிட்டு வெறும் சோத்துக்குத் தொட்டுச் சாப்பிடுவானாம். லீவுக்குப் போறப்ப ஒரு ஜாடி கட்டிக் கொடுத்தாராம், விமானத்துல உடைஞ்சிடுச்சுன்னு திரும்பி வந்து அழுதானாம். அதை அரை மணி நேரம் சொன்னார்.

பெட்டிநம்பர்147

சம்பளம் வந்ததும்! ஓ. அப்பத்தா சொல்லும், "ஏன்டா மாசக் கடைசியில லெட்டர் வர்றதில்ல, மறந்துட்டியா"ன்னு. நான் வாராவாரம் எழுதினேனேன்னு சண்டை போட்டிருக்கேன்.

மகளுக்காக

எல்லாருக்கும் நன்றி. இன்னும் முடிவு பண்ணலை. பொண்ணுகிட்ட கேட்டோம், யோசிச்சுச் சொல்றேன்னா. அவ கேட்ட முதல் கேள்வி, அங்க துணியில நம்பர் தைக்கணுமா, பேர் தைக்கலாமான்னு.

மெஸ்காரர்மகன்

பேரும் தைக்கலாம்மா. டோபிக்கு நம்பர் இருந்தா சுலபம், அதனால ரெண்டும் தைச்சிடுங்க. சிவப்பு நூல் வேண்டாம், சாயம் போகும்.